வாட்டர்சோய்: தீயை அடக்கிச் சமைக்கும் கெண்ட் நகரத்துக் கோழி

பெல்ஜியச் சாப்பாடு என்றதும் பலருக்கு வாஃபிளும் சாக்லேட்டும்தான் நினைவுக்கு வரும். இரண்டும் பெரும்பாலும் கடையில் வாங்கித் தின்பவை. வீட்டு அடுப்பில் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், கெண்ட் நகரத்துக் கோழி வாட்டர்சோய் என்பேன். சூப்புக்கும் குழம்புக்கும் நடுவில் நிற்கும் ஒரு பதம். புதிதாகச் சமைப்பவர்களும் தைரியமாக இறங்கலாம், ஒரே ஓர் இடத்தில் மட்டும் உஷாராக இருந்தால் போதும்.

பெயரில் இருக்கும் ‘வாட்டர்’ டச்சு மொழியிலும் தண்ணீர்தான். ‘சோய்’ என்பது வேகவைப்பதைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்தது. லெயே, ஷெல்ட் என்ற இரண்டு ஆறுகள் கூடும் ஊர் கெண்ட். முதலில் இதை ஆற்று மீனில்தான் செய்தார்கள். ஆறு கெட்டு மீன் குறைந்த பிறகு கோழி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1500-இல் அதே ஊரில் பிறந்த பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு இது உயிர் என்று ஒரு கதையும் சொல்வார்கள்.

நான்கு பேருக்கு வேண்டியவை: எலும்போடு பெரிய துண்டுகளாக வெட்டிய ஒரு கிலோ கோழி, லீக்ஸ் 2, கேரட் 2, செலரித் தண்டு 2, உருளைக்கிழங்கு அரை கிலோ, ஒரு வெங்காயம், கிராம்பு 2, தைம் ஒரு கொத்து, பே இலை ஒன்று, வெண்ணெய் 30 கிராம், கிரீம் 200 மில்லி, முட்டை மஞ்சள் கரு 2. கடைசியில் உப்பு, வெள்ளை மிளகு, ஒரு சிட்டிகை ஜாதிக்காய், பார்ஸ்லி. இங்கே பே இலை என்பது பிரியாணிக்குப் போடும் பிரிஞ்சி இலை இல்லை. பிரிஞ்சி இலையில் நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும், பட்டை வாசம் வரும். ஐரோப்பிய இலையில் நடுவில் ஒரே நரம்பு. அது கிடைக்காவிட்டால் எதையும் போடாமல் விட்டுவிடுங்கள்.

படி 1: சாறு

கோழியின் தோலை எடுக்க வேண்டாம். பாத்திரத்தில் கோழியைப் போட்டு ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள். வெங்காயத்தில் கிராம்பைக் குத்தி, பே இலை, தைமோடு சேர்த்து உள்ளே போடுங்கள். உப்பு கொஞ்சமாக. சூடேறும்போது சாம்பல் நிறத்தில் நுரை திரண்டு வரும். கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள். அப்புறம் தீயைக் குறையுங்கள். தளதளவென்று கொதிக்க விட்டால் சாறு கலங்கி, கறியும் நார் நாராகிவிடும். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி மெதுவாக எழுந்து உடைந்தால் அதுதான் சரியான சூடு. நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம் அப்படியே இருக்கட்டும். குக்கரில் வைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம், விசில் வந்தாலே இந்தச் சாறு கெட்டுவிடும்.

கோழியை எடுத்துத் தோலையும் எலும்பையும் நீக்கி, சற்றுப் பெரிய துண்டுகளாகப் பிய்த்து வையுங்கள். சாற்றை வடிகட்டிக்கொள்ளுங்கள்.

படி 2: காய்

லீக்ஸைச் சும்மா கழுவினால் போதாது. மடல்களுக்கு நடுவே மண் ஒளிந்திருக்கும். நீளவாக்கில் பிளந்து, ஒவ்வொரு மடலாக விலக்கிக் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். காய்களைத் தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமனாக நறுக்குங்கள். உருளைக்கிழங்கை மட்டும் துண்டுகளாக வெட்டிக்கொள்ளலாம்.

அடிகனமான பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி லீக்ஸ், கேரட், செலரியைப் போட்டு மூடிவிடுங்கள். தீ சிறியதாக இருக்கட்டும். எட்டுப் பத்து நிமிடத்தில் காய் வதங்கிப் பளபளக்க வேண்டும். துளியும் சிவக்கக் கூடாது. பொன்னிறமாக வதக்கியே பழகிய கைக்கு இது கஷ்டம்தான். ஆனால் காய் சிவந்தால் வெளுத்த குழம்பு பழுப்பாகிவிடும். வதங்கியதும் சாறு ஒரு லிட்டர், உருளைக்கிழங்கு சேர்த்து வேகவிட்டு, கிழங்கு வெந்ததும் கோழியைத் திரும்பப் போடுங்கள்.

படி 3: கெட்டிப்படுத்துவது

உஷார் என்று சொன்ன இடம் இதுதான். முதல் முறை செய்தபோது, கொதித்துக்கொண்டிருந்த சட்டியில் மஞ்சள் கருவை நேராக ஊற்றினேன். நொடியில் மஞ்சள் மஞ்சளாகத் திரிந்து மிதந்தது. முட்டைப் பொரியல் போட்ட கோழி சூப் ஆகிவிட்டது. தின்றோம், ஆனால் அது வாட்டர்சோய் இல்லை.

சரியான முறை இது. அடுப்பை அணைத்து, கொதி அடங்கும்வரை இரண்டு நிமிடம் விடுங்கள். ஒரு கிண்ணத்தில் மஞ்சள் கருவையும் கிரீமையும் நன்றாக அடித்துக்கொள்ளுங்கள். சட்டியிலிருந்து ஒரு கரண்டி சாற்றை எடுத்து, கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே அடியுங்கள். அடுத்து இன்னொரு கரண்டி. கிண்ணத்தைத் தொட்டால் வெதுவெதுப்பு தெரியும்போது முழுவதையும் சட்டியில் ஊற்றிக் கிளறுங்கள். அடுப்பை மிகச் சிறிய தீயில் மீண்டும் ஏற்றுங்கள். ஆவி வரலாம், குமிழி வரக்கூடாது. கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய பூச்சாக ஒட்டினால் பதம் வந்துவிட்டது. உப்பு, வெள்ளை மிளகு, ஜாதிக்காய் போட்டு இறக்குங்கள். மேலே பார்ஸ்லி தூவி, குழிந்த தட்டில் ஊற்றி, ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட வேண்டியதுதான். மீந்ததை மறுநாள் சூடாக்கும்போதும் கொதிக்க விடாதீர்கள்.

காரமே இல்லையே என்றுதான் முதல் வாயில் தோன்றும். மிளகாய்த்தூள் டப்பாவைத் தேடாமல் நான்கு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். லீக்ஸின் இனிப்பு அதற்குப் பிறகுதான் நாக்கில் தெரியும்.

இது கைவந்துவிட்டால் அடுத்தது ஸ்டோஃப்லேஸ்: மாட்டிறைச்சியும் நிறைய வெங்காயமும் கறுத்த பீரில் இரண்டு மூன்று மணி நேரம் வேகும். அதில் எனக்குப் பிடித்த தந்திரம், ஒரு ரொட்டித் துண்டில் கடுகு விழுதைத் தடவி, தடவிய பக்கம் கீழே பார்க்கும்படி சட்டியின் மேல் வைத்துவிடுவது. ரொட்டி கரைந்து குழம்பைக் கெட்டியாக்கிவிடும், மாவு தேவையில்லை. மசல்ஸ் என்ற சிப்பி இன்னும் சுலபம். செலரி, வெங்காயம், கொஞ்சம் வெள்ளை ஒயினோடு மூடி வைத்தால் சில நிமிடங்களில் வாய் திறந்துவிடும். சாப்பிடும்போது காலி ஓடு ஒன்றைச் சாமணம் மாதிரிப் பிடித்து அடுத்த சிப்பியின் சதையைப் பறிப்பார்கள்.

இந்த இரண்டுக்கும் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல் இல்லாமல் தீராது. அங்கே அதற்குப் பேர்போன கிழங்கு பின்ட்யே. நெதர்லாந்தில் ஒரு பள்ளி ஆசிரியர் உருவாக்கித் தன் மாணவியின் பெயரைச் சூட்டிய ரகம். நாம் மாவுத்தன்மை உள்ள பழைய கிழங்காகப் பார்த்து எடுத்தால் போதும். ஒரு சென்டிமீட்டர் தடிமனில் வெட்டி, கழுவி, துணியில் ஈரம் போக ஒற்றி எடுங்கள். முதல் வறுவல் 150 டிகிரியில் ஐந்தாறு நிமிடம். கிழங்கு வெந்து தளர வேண்டும், நிறம் மாறக்கூடாது. எடுத்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். இரண்டாவது வறுவல் 180 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம். இந்த ஒரு இடத்தில் மட்டும் தீயை ஏற்றிக்கொள்ளலாம். அங்கே பழைய வழக்கம் மாட்டுக் கொழுப்பில் வறுப்பது. கடலை எண்ணெயும் தாராளமாகத் தாங்கும். எடுத்தவுடன் உப்பு தூவி, காகிதக் கூம்பில் போட்டு, மேலே மயோனைஸ் வையுங்கள்.