நார்வேஜியன் கூட்டுச்சொற்களில் அழுத்தம் எங்கே? என் அனுபவம்

நார்வேஜியன் பேச்சுத் தேர்வுக்குத் தயாரானபோது ஒரே சிக்கல் திரும்பத் திரும்ப வந்தது. சின்னச் சொற்கள் எல்லோருக்கும் புரிந்தன. 'யார்ன்பானெஸ்டஷூன்' (ரயில் நிலையம்) மாதிரி நீளமாக ஒன்று வந்தால், "மறுபடி சொல்லுங்கள்" என்பார்கள்.

முதலில் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். எல்லா அசைக்கும் ஒரே எடை விழுந்து இன்னும் குழம்பியது. அப்புறம் எப்போதும் முதல் அசையை அழுத்தினேன். பல சொற்கள் சரியாயின. 'டெலெஃபூன்நும்மெர்' (தொலைபேசி எண்) மட்டும் இடறியது.

கடைசியில் பலித்தது இதுதான்: அசைகளை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் சொற்களைப் பிரிப்பது. முதல் சொல் தனியாக நிற்கும்போது எங்கே அழுந்துமோ, கூட்டுச்சொல்லின் முதன்மை அழுத்தமும் அங்கேதான். 'டெலெஃபூன்' கடைசி அசையில் அழுந்துவதால் இங்கும் 'ஃபூன்' மேலேதான். பின்சொல்லுக்கும் சிறிய அழுத்தம் உண்டு. அதன் நெடிலைக் குறுக்கக் கூடாது. 'ஸ்டஷூன்' எப்போதும் 'ஷூன்' தான். நடுவில் ஒட்டும் 'ஸ்' முன்சொல்லோடு போகும்: ஆர்பைட்ஸ் + ப்ளாஸ் (வேலையிடம்).

பலர் கவனிக்காத ஒன்று, மூட்டு மறைந்திருக்கும் சொற்கள். 'நட்டோக்' (இரவு ரயில்) என்பது நட் + டோக். முன்சொல் இரண்டு 'டி' (t) எழுத்தில் முடிகிறது, பின்சொல் இன்னொரு 'டி'யில் தொடங்குகிறது. மூன்று ஒரே மெய் சேர்ந்தால் இரண்டுதான் எழுதுவார்கள். வரிக்கடைசியில் உடைக்கும்போது மட்டும் மூன்றாவது திரும்ப வரும். 'புஸ்டொப்' (பேருந்து நிறுத்தம்) சொல்லிலும் இப்படியே ஒரு 'எஸ்' ஒளிந்திருக்கிறது.