3000 ஹிட்டை எட்டுவாரா? வயதான பேட்டரின் வாய்ப்பைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேஜர் லீக் பேஸ்பாலில் 2011 சீசன் முடிந்தபோது ஜானி டேமன் 2723 ஹிட் (பந்தை அடித்துப் பாதுகாப்பாக பேஸை அடைவது) அடித்திருந்தார். 3000 என்ற மைல்கல்லுக்கு இன்னும் 277 வேண்டும். கடைசி மூன்று சீசன்களில் அவர் அடித்தவை 155, 146, 152. வயது 38-ஐத் தொட்டிருந்தது. இன்னும் இரண்டு வருடம் ஆடினால் போதும் என்று யாருக்கும் தோன்றும். அடுத்த சீசனில் அவர் அடித்தது வெறும் 46. ஆகஸ்டில் கிளீவ்லாந்து அணி அவரை விடுவித்தது. வேறு எந்த மேஜர் லீக் அணிக்கும் அவர் பிறகு ஆடவில்லை. கணக்கு 2769-இல் நின்றுவிட்டது.

மீதமுள்ள எண்ணிக்கையை வருடச் சராசரியால் வகுத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. வயதானால் ஹிட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்று அந்தக் கணக்கு நம்புகிறது. நடப்பது வேறு. வருடத்துக்கு 150 ஹிட் வேண்டுமென்றால் ஏறத்தாழ தினமும் ஆட்டத்தில் இறங்க வேண்டும். பேட்டின் வேகம் சற்றே குறைந்தால் ஹிட் சற்றே குறையும். ஆனால் அதைப் பார்த்து மேனேஜர் அவரை பெஞ்சில் உட்காரவைத்தால் பாதிக்கு மேல் போய்விடும். ஆகவே அவரால் இன்னும் அடிக்க முடியுமா என்பதைவிட, அவரை யார் இறக்குவார்கள் என்பதே பெரிய கேள்வி.

மிகேல் கப்ரேராவை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் அவருடைய பேட்டிங் சராசரி, அதாவது பேட் செய்த முறைகளில் ஹிட் ஆனவற்றின் விகிதம், .256. டேமன் 2011-இல் அடித்தது .261. பவரிலும் பெரிய வித்தியாசமில்லை: ஒருவர் 15 ஹோம் ரன் (பந்தை மைதான வேலிக்கு வெளியே அடிப்பது), மற்றவர் 16. மொத்த வாழ்க்கையைப் பார்த்தால் கப்ரேரா மிகப் பெரிய பேட்டர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கடைசிக் கட்டத்தில் இருவரும் ஏறக்குறைய ஒரே தரத்தில்தான் இருந்தார்கள். கப்ரேராவுக்கு டெட்ராய்ட் அணியுடன் 2023 வரை ஒப்பந்தம் இருந்தது, அதுவும் பெருந்தொகைக்கு. டேமனோ 2012 ஏப்ரலில், மேஜர் லீக்கில் இடம் உறுதியில்லாத மைனர் லீக் (கீழ்நிலை லீக்) ஒப்பந்தத்தில்தான் கிளீவ்லாந்துக்கு வந்தார். கப்ரேரா 2021 ஆகஸ்ட் 22-இல் 500-ஆவது ஹோம் ரன்னையும், 2022 ஏப்ரல் 23-இல் 3000-ஆவது ஹிட்டையும் அடித்துவிட்டார். வாய்ப்பைக் கணிக்க உட்காரும்போது சராசரியைத் தேடுவதற்கு முன் ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது என்று பாருங்கள்.

சூத்திரத்தின் விடையை அப்படியே நம்புவது அடுத்த தவறு. பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வில் முன்னோடியான பில் ஜேம்ஸ் இதற்கென்றே எளிய சூத்திரம் ஒன்றைத் தந்திருக்கிறார். கடைசி மூன்று சீசன்களுக்கு, மிக அண்மையதிலிருந்து பின்னோக்கி, 3, 2, 1 என்று எடை கொடுத்துச் சராசரி எடுக்க வேண்டும். 24-இலிருந்து வயதின் 0.6 மடங்கைக் கழித்தால் மீதமுள்ள சீசன்கள், குறைந்தது ஒன்றரை. இரண்டையும் பெருக்கி, தேவையான எண்ணிக்கையால் வகுத்து, அதிலிருந்து 0.5 கழித்தால் வாய்ப்பு கிடைக்கும். டேமனுக்கு வயது 38 என்று போட்டால் சராசரி 150.5, மீதம் ஒன்றரை சீசன், வாய்ப்பு சுமார் 31 சதவீதம். நல்ல சூத்திரம்தான், ஆர்வத்தோடு பேசத் தொடங்குவதற்கு உதவும். ஆனால் ஆட்டக்காரருக்கு அணி இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

2020 சீசனைத் திருத்தாமல் போடுவதும் இங்கேதான் நடக்கிறது. வழக்கமான 162 ஆட்டங்களுக்குப் பதில் அந்த ஆண்டு 60 மட்டுமே. ஆல்பர்ட் பூஹோல்ஸ் 2021 முடிவில் 679 ஹோம் ரன்னில் இருந்தார். 2019 முதல் அவர் அடித்தவை 23, 6, 17. அப்படியே போட்டால் 700-ஐ எட்ட 52 சதவீத வாய்ப்பு. அந்த 6-ஐ 162 ஆட்டங்களுக்கு விரித்தால் 16. வாய்ப்பு 75-ஐத் தாண்டிவிடுகிறது. ஒரே ஒரு எண்ணால் இவ்வளவு மாற்றம்.

பூஹோல்ஸ் எட்டினார். 2022-இல் மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான தேசிய லீக்கிலும் டெசிக்னேட்டட் ஹிட்டர் விதி வந்ததால், ஃபீல்டிங் செய்யாமலே பேட் செய்ய அவருக்கு இடம் கிடைத்தது. செயின்ட் லூயிஸ் அணி இடக்கை பிட்சர்களுக்கு (பந்து எறிபவர்களுக்கு) எதிராக அவரைத் தேர்ந்து இறக்கியது. சீசன் நடுவில் வரும் ஆல்-ஸ்டார் இடைவேளைக்கு முன் 6 ஹோம் ரன், அதன்பின் 18. 42 வயதில் 703-உடன் விடைபெற்றார். அந்தக் கோடையை நினைத்தால் இன்றும் மனம் பூரிக்கிறது. ஆனால் அவரை உதாரணம் காட்டி எந்த வயதானவருக்கும் நம்பிக்கை சொல்லக் கூடாது. எட்டியவர்களின் கதைதான் நம் நினைவில் தங்குகிறது.

எட்டாதவர் ஃப்ரெட் மெக்ரிஃப். 38 வயதில், 2002-இல், 30 ஹோம் ரன் அடித்து 478-க்கு வந்தார். 500-க்கு இன்னும் 22 போதும். அடுத்த வருடம் காயம், 13 மட்டுமே, அதற்கடுத்து 2. மொத்தம் 493. 1994-இல் வேலைநிறுத்தம் சீசனைப் பாதியில் நிறுத்தியபோது அவர் 113 ஆட்டங்களில் 34 அடித்திருந்தார். அது முழுதாக நடந்திருந்தால் 500 பெரும்பாலும் கைக்கு வந்திருக்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: எல்லா மைல்கல்லும் எல்லா வகை பேட்டருக்கும் பொருந்தாது. பேரி பாண்ட்ஸ் 762 ஹோம் ரன் அடித்தும் ஹிட் 2935 தான். 2558 முறை பிட்சர்கள் அவருக்கு வாக் கொடுத்து முதல் பேஸுக்கு அனுப்பினார்கள். வாக், ஹிட் கணக்கில் சேராது.

எண்ணைத் தொடாதவர் குறைந்தவர் என்று எடுத்துக்கொள்வதுதான் என்னை மிகவும் வருத்தும் தவறு. 493-க்கும் 500-க்கும் இடையே ஆட்டத் தரத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. பேஸ்பாலின் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு, பத்து ஆண்டுகள் விளையாட்டு எழுத்தாளர்களின் வாக்கெடுப்பில் தேவையான ஆதரவு மெக்ரிஃபுக்குக் கிடைக்கவில்லை. 2022 டிசம்பரில் 16 பேர் கொண்ட குழு அவரை ஒருமனதாக ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுத்தது.