வேலை தேடுவதை மேலாளரிடம் சொல்லலாமா?

பதினாறு வருட வேலையில் நான்கு முறை நிறுவனம் மாறியிருக்கிறேன். இரண்டாவது முறை மட்டும், தேடத் தொடங்கியதுமே மேலாளரிடம் சொல்லிவிட்டேன். நல்ல மனிதர். "மறைக்காமல் சொன்னதற்கு நன்றி" என்றார். அடுத்த திங்கட்கிழமை புதிய பிராஜெக்டுக்கான பட்டியல் வந்தது. அதில் என் பெயர் இல்லை. அவர்மேல் கோபம் வரவில்லை. கிளம்பப் போகிறவரை நம்பி ஒரு வருட வேலையை யார் ஒப்படைப்பார்கள்? ஆனால் எனக்கு வேறு வேலை கிடைக்க ஏழு மாதம் ஆனது. அத்தனை நாளும் பழைய கோப்புகளைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வருட சம்பள உயர்வும் போனது.

அதனால் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை வாயைத் திறக்காதீர்கள். "கிட்டத்தட்ட உறுதி" என்று எச்.ஆர். போனில் சொன்னதெல்லாம் கணக்கில் வராது. சம்பளம், பதவி, சேரும் தேதி மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். பின்னணிச் சரிபார்ப்பு முடிந்தால்தான் செல்லும் என்று அதில் நிபந்தனை இருந்தால், அதுவும் முடியட்டும்.

சரி, மனதில் இருப்பதை எல்லாம் மறைக்க வேண்டுமா? இல்லை. வேலை தேடுவது வேறு, இந்த வேலையில் குறை இருப்பது வேறு. குறையைச் சீக்கிரமே சொல்லிவிட வேண்டும். நான் டீம் லீடாக இருந்தபோது ஒரு பெண் வந்து, "இரண்டு வருடமாக ஒரே ரிப்போர்ட்டைத்தான் தயாரிக்கிறேன். வாடிக்கையாளரோடு நேரடியாகப் பேசும் வேலை வேண்டும். ஆறு மாதத்துக்குள் வழி உண்டா?" என்று கேட்டாள். மூன்றே மாதத்தில் மாற்றிக் கொடுத்தேன். வெளியே தேடுகிறேன் என்று சொல்லியிருந்தால், அதை நான் என் மேலாளரிடம் சொல்லியே ஆக வேண்டியிருந்திருக்கும். மேலாளருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அதை மறக்காதீர்கள்.

முன்கூட்டியே சொல்ல வேண்டிய இடங்களும் உண்டு. அதே நிறுவனத்தில் வேறு பிரிவுக்கு விண்ணப்பித்தால் எப்படியும் அவர் காதுக்குப் போகும், நீங்களே சொல்வதுதான் மரியாதை. ஒப்பந்தம் முடியப்போகிறது, குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போகிறீர்கள் என்றாலும் தயங்க வேண்டாம். மற்றபடி உங்கள் மேலாளர் எப்படிப்பட்டவர் என்று தெரிய ஒரே வழி, கடைசியாக விலகியவரை அவர் எப்படி நடத்தினார் என்று பார்ப்பதுதான். நோட்டீஸ் காலத்தில் அவரோடு முகம்கொடுத்துப் பேசினாரா?

அவரே நேராகக் கேட்டுவிட்டால் பொய் சொல்லாதீர்கள். "நல்ல வாய்ப்பு வந்தால் யோசிப்பேன், இன்னும் எதுவும் முடிவு செய்யவில்லை" என்றால் போதும், அது உண்மையும்கூட.

அப்புறம், தேடும்போது கவனம். அலுவலக லேப்டாப்பும் மெயிலும் வேண்டவே வேண்டாம். லிங்க்ட்இன்னில் 'ஓபன் டு வொர்க்' போட்டால் ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வையுங்கள். எல்லாருக்கும் என்று வைத்தால் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வந்துவிடும். ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் என்று வைத்தாலும் முழு ரகசியத்துக்கு லிங்க்ட்இன் உத்தரவாதம் தருவதில்லை. ரெஃபரன்ஸ் கேட்டால் பழைய நிறுவனத்து மேலாளர் பெயரைக் கொடுங்கள், இப்போதைய இடத்தைக் கடைசிவரை தொடர்புகொள்ள வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். பக்கத்து சீட் நண்பரிடமும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

ஆஃபர் வந்ததும் முதலில் மேலாளரிடம்தான் போக வேண்டும், நேரில், தனியாக. ராஜினாமா மெயிலை அதற்குப் பிறகு அனுப்புங்கள். போகும்போது ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொண்டு போங்கள்: கடைசி வேலை நாள், கையில் பாதியில் நிற்கும் வேலைகள், ஒவ்வொன்றையும் யாரிடம் ஒப்படைக்கலாம் என்று. என் கடைசி மாற்றத்தில் அந்தத் தாளைத்தான் மேஜையில் வைத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, எப்போது சேருகிறாய் என்று கேட்டார்.