வார்டு ஆபீஸில் அளவுப் புத்தகம் கேட்பது எப்படி

பெங்களூர் மர்ஃபி டவுனில் எங்கள் கிராஸுக்கு, அதாவது குறுக்குத் தெருவுக்குத் தார் போட்டு எட்டே மாதத்தில் பெயர்ந்தது. நானும் எல்லாரையும் போல "ரோடு மோசம், சரி பண்ணுங்க" என்று இன்ஜினியர் ஆபீஸுக்கு நடந்தேன். "கிராண்ட் வரலை சார்." "தண்ணி போர்டு தோண்டினது சார்." கடைசியில் "நாளைக்கு வாங்க." முன்பு இந்தப் பக்கம் பேய் கதவைத் தட்டாமலிருக்கச் சுவரில் 'நாளெ பா' (நாளைக்கு வா) என்று கன்னடத்தில் எழுதி வைப்பார்கள்; பேய் படித்துவிட்டுத் திரும்பிவிடுமாம். ஆபீஸில் அந்தப் பேய் நான்தான்.

வேலைக் காலம் முழுக்க லேத்தில் நின்றவன் நான். அளக்காமல் பேசப் போனது என் தப்பு.

குழியின் ஓரத்தில் தார் வெட்டுப்பட்டு நிற்கும் இடத்தைத் துடைத்துவிட்டு, ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திப் படம் எடுங்கள். பழைய தாரும் புதுத் தாரும் சேரும் இடத்தில் ஒரு கோடு தெரியும். அதற்கு மேலே இருக்கும் புதுத் தாரின் கனம்தான் உங்கள் கணக்கு. ஐந்தாறு இடத்தில் எடுங்கள். ஒரே இடம் என்றால் "அங்கே மட்டும் தேஞ்சிருக்கு" என்பார்கள். வீட்டு எண்ணோ கடைப் பலகையோ படத்தில் விழட்டும். எனக்கு 16 முதல் 20 மி.மீ. வரை வந்தது.

அப்புறம் ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் போதும். மனு கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். எனக்குப் பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண் கன்னடத்தில் எழுதிக் கொடுத்தாள். முதல் மனுவில் ரோடு, சாக்கடை, தெருவிளக்கு, நாய் என்று நான்கு பக்கம் கொட்டியிருந்தேன். திரும்பி வந்துவிட்டது. கர்நாடக விதிப்படி ஒரு மனுவுக்கு ஒரு விஷயம்தான், அதுவும் 150 சொல்லுக்குள். கோபத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு இவற்றை மட்டும் கேளுங்கள்: அந்த ரோட்டு வேலையின் ஜாப் நம்பர் (ஆபீஸ் அந்த வேலைக்குக் கொடுத்த எண்), ஒர்க் ஆர்டர் (வேலையைக் கான்ட்ராக்டருக்குக் கொடுத்த உத்தரவு) நகல், அளவுப் புத்தகத்தின் (போட்ட வேலையை அளந்து எழுதி வைக்கும் பதிவேடு) பக்கங்கள், கான்ட்ராக்டர் எந்தத் தேதிவரை பழுதுக்குப் பொறுப்பு என்பது. தபால் செக்ஷனில் சீல் வாங்காமல் படி இறங்காதீர்கள்.

2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்த பிறகு "ஃபைல் இங்கே இல்லை" என்பது புதுப் பாட்டு. அதற்காக நீங்கள் அலைய வேண்டாம். மனுவை 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அனுப்புவது அவர்கள் கடமை. சட்டத்தின் 6(3) பிரிவைச் சொல்லுங்கள்.

30 நாளில் பதில் வர வேண்டும். தாண்டினால் நகலுக்குக் காசு கேட்க முடியாது. அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். எனக்கு முதல் மேல்முறையீட்டிலேயே தாள் வந்தது. அளவுப் புத்தகத்தில் 40 மி.மீ. என்று அழகான கையெழுத்தில் இருந்தது. கான்ட்ராக்டரின் பொறுப்பு 2 வருடம். முடிய நான்கு மாதம்தான் பாக்கி. அது முடிந்தால் கான்ட்ராக்டர் கட்டிவைத்த டெபாசிட் அவர் கைக்கே போய்விடும், நமக்கு மறுபடி "கிராண்ட் வரலை".

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஆர்டிஐயில் தாள் மட்டுமல்ல, வேலையையே நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் சான்றளித்த மாதிரி எடுக்கவும் உரிமை உண்டு, சட்டத்தின் 2(ஜே) பிரிவில். ரோட்டிலிருந்து ஒரு துண்டு வேண்டும் என்று இரண்டாவது மனு போட்டேன், ஸ்கேல் படங்களையும் சேர்த்து. இன்ஜினியர் முதல்முறையாக என்னை உட்காரச் சொன்னார். "ஒரு துண்டு ரோடை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன சார் பண்ணுவீங்க?" என்றார். "அளப்பேன் சார்" என்றேன்.

மாதிரி எடுக்கத் தேதி குறித்திருந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால், ராத்திரி பத்து மணிக்கு, தார்க் கலவை லாரி வந்து நின்றது. பிள்ளையார் கோயில் வரைக்கும் போட்டார்கள். அதைத் தாண்டி முப்பதடி பாக்கி. அந்த முப்பதடிக்குக் கான்ட்ராக்டரின் பொறுப்புத் தேதியைக் குறிப்பிட்டு எழுத்தில் புகார் கொடுத்தாயிற்று. புதிதாகப் போட்ட பகுதிக்கு ஜாப் நம்பர் கேட்டு இன்னொரு 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரும் வாங்கி வைத்திருக்கிறேன்.