வளர்ந்த பிள்ளைகளின் பொழுதுபோக்கு: வீட்டில் நாம் செய்கிற தவறுகள்

என் தம்பிக்கு 27 வயது. அறிவுசார் குறைபாடு உண்டு. 18 வயதில் சிறப்புப் பள்ளி முடிந்ததும் அவன் உலகம் வீட்டுக்குள் சுருங்கிவிட்டது. பொழுது போகட்டும் என்று டிவியைப் போட்டுவிட்டோம். சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தான். சந்தோஷமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டோம். அதுதான் முதல் தவறு. எடை ஏறியது, ராத்திரித் தூக்கம் கெட்டது, யாராவது வீட்டுக்கு வந்தால் அறைக்குள் போய்விடுவான்.

சரி, வெளியே கூட்டிப்போவோம் என்று கிளம்பியபோது அடுத்த தவறு. "கோயிலுக்குப் போகலாமா?" "ம்." "பார்க்குக்கு?" "ம்." எதைக் கேட்டாலும் தலையாட்டுவான். எதிரில் இருப்பவருக்காக ஆமாம் சொல்வது இவர்களில் பலருக்குப் பழக்கம். அதை விருப்பம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வாயால் கேட்பதை விட்டுவிட்டு இரண்டு போட்டோக்களை முன்னால் வையுங்கள். கொஞ்ச நேரம் கழித்து இடம் வலமாக மாற்றி வைத்து மறுபடி கேளுங்கள். சிலர் எப்போதும் ஒரே பக்கத்தைத்தான் தொடுவார்கள். மாற்றி வைத்தால் அது தெரிந்துவிடும்.

தம்பி தொட்டது பஸ் போட்டோவை. எங்கே போகணும் என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம், அவனுக்கு வேண்டியது பஸ்தான். இப்போது சனிக்கிழமைதோறும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புகிறோம். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணம் கிடையாது. கண்டக்டரிடம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை அவனே எடுத்துக் காட்டுகிறான். முதல் சில வாரங்கள் நான்தான் காட்டிக்கொண்டிருந்தேன், அவசரத்தில். அதுவும் தவறுதான்.

எல்லாவற்றையும் பயிற்சியாக்குவது பெரிய கொடுமை. மணி கோத்தால் எண்ணச் சொல்வோம், படம் வரைந்தால் நிறம் கேட்போம். நமக்கு ஓய்வு நேரத்தில் யாராவது பரீட்சை வைத்தால் பொறுப்போமா? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொழுதுபோக்கையும் அவர்களுக்குரிய உரிமையாகத்தான் பார்க்கிறது.

அப்புறம், "அது குழந்தை" என்ற பேச்சு. அவனே விரும்பி மழலைப் பாட்டு கேட்டால் கேட்கட்டும். நாமாக அதை மட்டுமே போடக் கூடாது. அவன் வயதுப் பையன்கள் செய்வதையும் கண்ணில் காட்ட வேண்டும். துணைக்கு எப்போதும் அம்மாவும் அக்காவும் மட்டுமே என்றிருப்பதும் போதாது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான விளையாட்டு அமைப்பான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில், குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடும் போட்டிகள் உண்டு. தெருவில் ஒரு கேரம் போர்டு இருந்தாலே அதைச் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை: டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே வரும் ஒரு குரோமோசோம் மாற்றம்) உள்ள சிலருக்குக் கழுத்தின் மேற்பகுதியில் முதுகெலும்பு இணைப்பு தளர்வாக இருக்கும். குட்டிக்கரணம், ஜிம்னாஸ்டிக்ஸ் மாதிரி எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

போட்டோக்களோடு அவன் கட்டிலின் படத்தையும் சேர்த்து வைத்திருக்கிறோம். போன சனிக்கிழமை அதைத் தொட்டான். செருப்பைக் கழற்றிவிட்டு நானும் உள்ளே வந்துவிட்டேன்.