ஹோட்டன் சமவெளிக்கு ஒரு பகல்: முகில் ஏறுமுன் போய்ச் சேருங்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களின் விடுமுறை கோயில் திருவிழா, கலியாணவீடு, காணி அலுவல், சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாடு என்று ஓடிவிடும். ஏ9 வீதியில் போனதும் வந்ததும்தான் பிள்ளைகள் கண்ட இலங்கை. இரண்டு இரவை மலையகத்துக்கு ஒதுக்க முடிந்தால், நடுவில் கிடைக்கும் பகலை ஹோட்டன் சமவெளித் தேசிய பூங்காவுக்குக் கொடுங்கள். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே, பத்தனைப் புல்வெளி, முகில் காடு, ஓடைகள், சிறு நீர்நிலைகள், ஓர் அருவி, பிறகு சட்டென்று அறுந்து கீழே விழும் மலைவிளிம்பு என்று எல்லாவற்றையும் ஒரே நடையில் பார்க்கலாம். 1988இல் தேசிய பூங்காவாக்கினார்கள். 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஒரே நாளில் போய்வரலாம் என்று யார் சொன்னாலும் நம்பவேண்டாம். முதல் நாள் பின்னேரமே நுவரெலியாவுக்கு வந்து தங்குங்கள். அங்கிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக ஏறத்தாழ 32 கிலோமீட்டர். வளைவும் ஏற்றமுமான வீதி என்பதால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். அப்புத்தளைப் பக்கம் தங்குகிறவர்கள் ஓஹிய வாசலால் வரலாம். ரயிலில் ஓஹியவுக்கு வந்து மேலே ஏறும் யோசனை படத்துக்கு அழகு. ஆனால் நடையைத் தொடங்கும் இடம் அங்கிருந்து 11 கிலோமீட்டர் ஏற்றத்தில் இருக்கிறது. நீங்கள் போய்ச் சேரும்போது பார்க்க வந்ததை முகில் மூடியிருக்கும்.

இந்தப் பயணத்தில் உண்மையிலேயே முக்கியமானது நேரம்தான். தெற்கே தாழ்நிலத்தின் சூடான காற்று வெயில் ஏற ஏற மலைச்சுவரோடு மேலெழும்பும், குளிர்ந்து முகிலாகும். ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு உலக முடிவு என்ற அந்த விளிம்பில் நின்றால் பெரும்பாலும் வெள்ளைத் திரைதான் தெரியும். ஆகவே ஐந்து மணிக்கு முன்பே விடுதியை விட்டு வெளிக்கிடுங்கள். காலைச் சாப்பாட்டைக் கட்டித் தரும்படி முதல் நாள் இரவே சொல்லிவையுங்கள். மழை குறைந்த மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை. சித்திரைப் புத்தாண்டையொட்டி நுவரெலியா நிரம்பி வழியும். போயா விடுமுறையையும் சனி, ஞாயிறையும் தவிர்த்தால் நடைபாதையில் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு ஒரு கட்டணம், இலங்கையருக்கு வேறு கட்டணம்; வித்தியாசம் பல மடங்கு. இங்கே பிறந்தவர், தமிழ் பேசுகிறவர் என்பதெல்லாம் வாசலில் கணக்கில்லை. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டையோ அடையாள அட்டையையோ மறக்காமல் கொண்டுபோங்கள். டிக்கற் விலையோடு சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், வரி என்றும் சேரும். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் இணையத்தளத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

டிக்கற் எடுத்த பிறகும் சில கிலோமீட்டர் உள்ளே ஓடினால்தான் ஃபார் இன் வரும். வெள்ளைக்காரர் காலத்து வேட்டை விடுதி, இப்போது பார்வையாளர் நிலையம். கழிவறைக்கு இங்கேயே போய்விடுங்கள். வாகனம் நிறுத்துமிடத்தில் பெரும்பாலும் ஒரு மரை, அதாவது பெரிய மான், நிற்கும். பனியில் நனைந்த பழுப்பு மயிரோடும் கிளைத்த கொம்போடும் வந்து, திறந்திருக்கும் வான் கதவுக்குள் மூக்கை நீட்டும். பிள்ளைகள் பிஸ்கட்டை எடுப்பார்கள், விடாதீர்கள். மனிதரிடம் தின்னப் பழகிய மரை பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிச் சாகிறது.

இதனால்தான் நடைபாதை வாசலில் பைகளைத் திறக்கச் சொல்கிறார்கள். பிஸ்கட்டை உறையிலிருந்து எடுத்துக் கடதாசிப் பையில் போட்டுத் தருவார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்தெடுப்பார்கள். ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த முறுக்கையும் பாணையும் முதலே துணியிலோ டப்பாவிலோ வைத்துக்கொண்டால் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம்.

நடை வட்டப்பாதை. மொத்தம் ஒன்பதரை கிலோமீட்டர் அளவில் வரும். ஆறுதலாக நடந்தால் நாலு மணித்தியாலம். பாதை பிரியும் இடத்தில் பலகையைப் பார்த்துச் சின்ன உலக முடிவுப் பக்கமாகவே போங்கள். அருவி எப்போதும் இருக்கும், காட்சி காத்திருக்காது. அங்கிருந்து இன்னும் நடந்தால் பெரிய உலக முடிவு. காலடியில் நிலம் 850 மீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்குகிறது. நேர் கீழே தேயிலைத் தோட்டம், அதன் நடுவே தீப்பெட்டி அளவில் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களின் கூரைகள், அப்பால் தெற்கு நோக்கி விரியும் தாழ்நிலம். வானம் தெளிந்திருந்தால் அடிவானத்தில் கடலும் தெரியும். 2015இல் மனைவியைப் படம் எடுப்பதற்காகப் பின்னால் அடிவைத்த நெதர்லாந்துக்காரர் ஒருவர் இங்கே தவறி விழுந்தார். மரமொன்றில் சிக்கியதால் உயிர் தப்பினார், இராணுவம் கயிறு கட்டி மீட்டது. சின்னப் பிள்ளைகளின் கையை இந்த இடத்தில் விடவேண்டாம், செல்ஃபியும் வேண்டாம்.

பிறகு பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி. உயரம் 20 மீட்டர்தான். ஆனால் கறுத்த பாறைமேல் விசிறிபோல் பிரிந்து விழும் தண்ணீரும் சுற்றி நிற்கும் பன்னங்களும் அந்த இறக்கத்தின் களைப்பைத் தீர்த்துவிடும். பூக்கும் காலமென்றால் செக்கச்செவேலென்ற மகரத்மல் (ரோடொடென்ட்ரன்) பூக்களும் இருக்கும். படிகள் செங்குத்தானவை, ஈரமானவை. முழங்கால் நோவுள்ளவர்கள் மேலேயே நிற்கலாம், இரைச்சல் அங்கேயும் கேட்கும். தண்ணீரில் இறங்கவேண்டாம். 1848இல் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை வைத்த சாமுவேல் பேக்கரின் பெயர்தான் அருவிக்கு. இந்தச் சமவெளியில் யானையையும் மரையையும் வேட்டையாடியவர் அவர். யானை இன்று இங்கே இல்லை.

பிள்ளைகளுக்கு ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுங்கள். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இந்த மேட்டிலிருந்து தண்ணீர் போகிறது. அருவியில் விழுவது பெலிஹுல் ஓயா வழியாக வளவைக்குப் போகும். மகாவலிக்குப் போவது நாட்டைக் குறுக்கே கடந்து திருகோணமலையில், மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலைச் சேரும். காலின் கீழ் ஊறும் அந்தப் புல்வெளியை மிதித்து உழக்காமல் பாதையிலேயே நடக்க இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

உடுப்பு அடுக்கடுக்காக இருக்கட்டும். விடியற்காலையில் ஜக்கெட் போதாது; டிசம்பர், ஜனவரியில் புல்லில் உறைபனி பிடிக்கும். பத்து மணிக்கு ரீசேர்ட்டோடு வியர்க்கும். குளிராக இருந்தாலும் அந்த உயரத்து வெயில் தோலை எரித்துவிடும், தொப்பி கட்டாயம். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள சப்பாத்து போடுங்கள். பாதையில் கடை இல்லை, கைபேசிச் சிக்னலை நம்பவும் முடியாது. வயதான அம்மா, அப்பாவை முழு வட்டமும் நடக்கவைக்கவேண்டாம். தொடக்கத்துப் புல்வெளியும் ஓடையும் மரைகளுமே அவர்களுக்குப் போதும்.

மத்தியானம் திரும்பும் வழியில் அம்பேவெலப் பண்ணையில் நின்று பால் குடிக்கலாம். வீதியோரம் கரட்டும் லீக்ஸும் விற்கிறவர்களிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள். கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்கவேண்டாம். தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் நம் மொழி பேசுகிற நம் ஆட்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட தலைமுறையின் பேரப்பிள்ளைகள். வணக்கம் சொல்லி, “எந்தத் தோட்டம் அக்கா?” என்று கேட்டால் படத்தைவிடப் பெரிய கதை கிடைக்கும். நேரம் மிஞ்சினால் சீதா எலியவில் ஓடைக்கரையோடு இருக்கும் சீதையம்மன் கோயிலுக்குப் போகலாம், பின்னேரம் கிரகரி வாவிக்கரையில் பிள்ளைகளை ஓடவிடலாம்.

அன்றைக்கே கொழும்புக்கு இறங்கச் சொல்லிச் சாரதியை வருத்தவேண்டாம். உங்களுக்காக விடியமுன் எழும்பியவர் அவர், மலைவீதியில் தூக்கம் உயிருக்கு ஆபத்து. அவருக்கும் நல்ல சாப்பாடும் படுக்கையும் இருக்கிறதா என்று விடுதியில் கேட்டுவையுங்கள். அடுத்த நாள் கண்டி வழியாக இறங்கினால் ரம்பொடை அருவி வீதியிலிருந்தே தெரியும். ஹற்றன் வழி என்றால் தலவாக்கலைக்குக் கிட்ட சென் கிளயர், டெவன் அருவிகள் இரண்டையும் பார்த்துக்கொண்டு போகலாம்.