போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம்: ஜூனியர்கள் கோட்டைவிடும் இடங்கள்

கொலை, கொள்ளை வழக்குகளில் புதிதாக ஆஜராகும் ஜூனியர் வக்கீல்களின் குறுக்கு விசாரணையைக் கேட்டால் அதே ஓட்டைகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. விசாரணையில் அடிக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்குள் போகப் போவதில்லை.

“போலீஸ் வாக்குமூலம்தான் செல்லாதே” என்று இருந்துவிடுவது

இந்தத் தவறுக்குத்தான் கட்சிக்காரர்கள் ஆயுள் தண்டனை வரை விலை கொடுக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் தவிர்க்கக் கூடியது.

புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 23(1)-படி போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும், நடுவரின் நேரடி முன்னிலையில் சொல்லாதவரை 23(2) அதைத் தடுக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25, 26 பிரிவுகள் இவை. பலர் இதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். கீழே ஒரு காப்புரை (விதிவிலக்கு) இருக்கிறது, பழைய 27. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் அல்லது உண்மை வெளிப்பட்டால், அந்த வெளிப்பாட்டோடு தெளிவாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் சாட்சியமாக உள்ளே வரும். அரசுத் தரப்பு வழக்கைக் கட்டுவது பெரும்பாலும் இந்தப் பகுதியின் மேல்தான்.

எந்தப் பகுதி வரும், எது வராது என்பதை புலுகுரி கோட்டையா வழக்கில் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1946 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. “என் வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்த கத்தியை எடுத்துத் தருகிறேன்” என்பது வரும். “அந்தக் கத்தியால்தான் அவனைக் குத்தினேன்” என்பது வராது. ஆனால் விசாரணையில் நடப்பது என்ன? புலனாய்வு அதிகாரி கூண்டில் நின்று நாலு பக்க வாக்குமூலத்தையும் ஒப்பிக்கிறார், முன்விரோதம், திட்டம், குத்திய இடம் எல்லாம் வருகிறது. எதிர்த்தரப்பு ஜூனியர், “செல்லாதுதானே, வாதத்தில் பார்த்துக்கொள்ளலாம்” என்று உட்கார்ந்திருக்கிறார். முழு வாக்குமூலமும் சான்றாவணமாகிவிடுகிறது. ஒருமுறை படித்ததை நீதிபதியின் மனத்திலிருந்து எடுக்க எந்த வாதத்தாலும் முடியாது. முதல் விசாரணையிலேயே, அதாவது அரசுத் தரப்பு அவரைக் கேள்வி கேட்கும்போதே எழுந்து, ஏற்கத்தக்க வரிகளை மட்டும் குறியீடு செய்யுங்கள் என்று கேட்க வேண்டும், ஆட்சேபணையைப் பதிவு செய்யவும் கேட்க வேண்டும்.

அந்த வரிகள் உள்ளே வந்தாலும் வேலை முடியவில்லை. கைது, வாக்குமூலம், கைப்பற்றுதல் மகஜர் (பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் எழுதும் ஆவணம்) மூன்றிலும் உள்ள நேரத்தை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். 10 மணிக்குக் கைது, 10.30-க்கு நாலு பக்க வாக்குமூலம், 11 மணிக்கு 25 கிலோமீட்டர் தள்ளி மகஜர் என்று வரும் வழக்குகள் இருக்கின்றன. மூன்றிலும் அதே இரண்டு சாட்சிகளா, அவர்கள் அந்த ஊர்க்காரர்களா, பொருளை எந்தத் தேதியில் நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள் என்று பாருங்கள். அந்த இடம் போலீஸுக்கு முன்பே தெரிந்திருந்தால் அது வெளிப்பாடே இல்லை. முதல் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) நேற்றே காட்டிய இடத்தை இரண்டாம் எதிரி இன்று “காட்டினார்” என்றால் அதையும் கேளுங்கள். யாரும் போய்வரக் கூடிய ரோட்டோர முள்புதரில் கிடைத்தது என்றால் அதன் எடை குறையும். கத்தி கிடைத்தது என்பதால் அந்தக் கத்திதான் குத்தியது என்று ஆகிவிடாது. அதை ரத்தப் பரிசோதனை போன்ற வேறு சாட்சியத்தால் தனியாக நிரூபிக்க வேண்டும்.

இன்னொன்று, பலரும் தொடாதது. வற்புறுத்தி வாங்கிய தகவல் என்று காட்ட முடிந்தால், காப்புரையின் கீழ் வரும் பகுதியும், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியலமைப்பின் 20(3)-இல் அடிபடும். 1961-இல் கதி காலு ஓகாட் வழக்கிலும், 2010-இல் செல்வி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. ஆனால் வற்புறுத்தலை விசாரணை நாளில் வாயால் சொன்னால் எடுபடாது, கைதான நாளின் காகிதம் வேண்டும்.

ரிமாண்டில் வாய் திறக்காதது

காவலில் வைக்க உத்தரவிடும் ரிமாண்டின்போது “போலீஸ் துன்புறுத்தினார்களா?” என்று நடுவர் கேட்கும்போது, கூட்டி வந்த ஏட்டு ஓரடி தள்ளி நிற்கிறார். கட்சிக்காரர் “இல்லை” என்றுதான் சொல்வார். போலீஸாரைத் தள்ளி நிற்கச் சொல்லும்படி கேளுங்கள், பிறகு காயம் இருக்கும் இடத்தைச் சொல்லிப் பதிவு செய்யக் கேளுங்கள். பாதம், பிட்டம், உள்ளங்கை மூன்றையும் விட்டுவிடாதீர்கள்.

குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 53-படி கைதானவுடன் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், அந்த அறிக்கையின் நகல் கைதானவருக்கோ அவர் குறிப்பிடும் நபருக்கோ உரியது. “காயம் எதுவும் இல்லை” என்ற சீட்டு இருந்தால், சிறைக்குள் போகும்போது அங்கே மருத்துவர் எழுதும் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் சில மணி நேர இடைவெளியில் முரண்பட்டால், குறுக்கு விசாரணைக்கு அதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது.

சிசிடிவியைச் சாவகாசமாகக் கேட்பது

பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் நுழைவாயில், லாக்கப், நடைபாதை, இன்ஸ்பெக்டர் அறை என எல்லா இடத்திலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வைக்கச் சொன்னது. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு. செஷன்ஸ் வழக்கு சாட்சி விசாரணைக்கு வருவதற்குள் இந்தக் காலம் ஓடிவிடும். ரிமாண்ட் வாரத்திலேயே நாள், நேரம், எந்தக் கேமரா என்று குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாக்கக் கோரி மனு போட்டுவிடுங்கள். “சம்பவ நாளின் பதிவுகள்” என்று மொட்டையாக எழுதினால், கிடைக்காததற்குக் காரணம் சொல்ல வழி விட்டதாகிவிடும்.

வெற்றுத் தாளில் கையெழுத்து

கூடாது.

போனில் “வந்துட்டுப் போ” என்றால் போய்விடுவது

சாட்சியாக அழைக்க அதே சன்ஹிதாவின் பிரிவு 179-இன் கீழ் எழுத்துப்பூர்வ ஆணை வேண்டும். பெண்கள், 15 வயதுக்குக் கீழ் அல்லது 60 வயதுக்கு மேல் உள்ள ஆண்கள், மாற்றுத் திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும்.

கைரேகை தர மறுக்கச் சொல்வது

மேலே சொன்ன 1961 தீர்ப்பே இதற்குப் பதில். கைரேகையும் கையெழுத்து மாதிரியும் தனக்கு எதிராகச் சாட்சி சொல்வதில் சேராது. நார்கோ (மருந்து கொடுத்து விசாரிப்பது), பாலிகிராஃப் (பொய் கண்டறிவது) சோதனைகள் வேறு. சம்மதமில்லாமல் நடத்த முடியாது.

விஏஓ சாட்சியை லேசாக விடுவது

“எதிரி தானாக வந்து என்னிடம் ஒப்புக்கொண்டார், நான் ஸ்டேஷனில் ஒப்படைத்தேன்” என்று கிராம நிர்வாக அலுவலர் சொல்லும் வழக்குகள் நம்மூரில் ஏராளம். விஏஓ போலீஸ் அதிகாரி இல்லை, எனவே 23(1) உதவாது. கேட்க வேண்டியது 23(2)-ஐ ஒட்டிய கேள்விகள்: அப்போது போலீஸ் எங்கே இருந்தது, எதிரி எப்போதிருந்து அவர்கள் பிடியில் இருந்தார், முன்பின் பழக்கமில்லாத ஒருவர் உங்களிடம் ஏன் வந்தார். பிடித்துப் போன நாளிலேயே குடும்பத்தினர் மின்னஞ்சல் போல எதையாவது மேலதிகாரிக்கு அனுப்பியிருந்தால் அதைத் தேடி எடுங்கள். முன்பே பிடித்துவிட்டார்கள் என்பதற்கு அதுதான் தேதி போட்ட ஆதாரம்.

நடுவர் முன் கொடுத்ததைத் தாமதமாக மறுப்பது

சன்ஹிதாவின் பிரிவு 183-இன் கீழ் ஒப்புதல் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும் முன், ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படலாம் என்று நடுவர் விளக்க வேண்டும். யோசிக்கப் பொதுவாக 24 மணி நேரமாவது தர வேண்டும் என்று 1957-இல் சர்வான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாக்குமூலம் கொடுக்க விருப்பமில்லை என்று எதிரி சொல்லிவிட்டால் அவரைப் போலீஸ் காவலுக்கு அனுப்ப முடியாது. இந்த ஒரு விஷயத்தைச் சிறைச் சந்திப்பிலேயே அவரிடம் புரியும்படி சொல்லிவிடுங்கள். திரும்பவும் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருக்கும் என்ற பயத்தில்தான் பலர் தலையாட்டுகிறார்கள். மிரட்டி வாங்கியது என்றால், மறுப்பை அந்த வாரமே சிறைக் கண்காணிப்பாளர் வழியாக எழுத்தில் அனுப்ப வைத்து, அனுப்பியதற்கான பதிவு எண்ணையும் வாங்கி வழக்குக் கட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்து நீதிமன்றம் எதிரியைக் கேள்வி கேட்கும் நாளில் முதன்முதலாக மறுத்தால், வக்கீல் சொல்லிக்கொடுத்தது என்றுதான் தீர்ப்பில் எழுதுவார்கள்.